குளூனி சிஸ்டர்களுக்கு ஒரு சேலத்து அச்சகக்காரனின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மதர் ப்ரொவின்ஷியல் அவர்களுக்கும், சேலத்திலும் ஏற்காட்டிலும் பணிபுரியும் குளூனி புனித சூசையப்பர் சபையின் சிஸ்டர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சேலத்தில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கும்பாபிஷேக மலர், பங்குத் திருவிழா நோட்டீஸ் என்று எது வந்தாலும் அடிப்போம். மடங்களும் பள்ளிகளும் போடும் ஜூபிலி மலர்கள் எங்கள் தொழிலில் ஒரு தனிக் கிளை. நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் வெள்ளி விழா, பொன் விழா, நூற்றாண்டு விழா என்று பல சபைகளின் மலர்களுக்கு வரிக்கு வரி புரூஃப் பார்த்ததில், திருச்சபை விஷயங்கள் கொஞ்சம் காதில் விழுந்திருக்கின்றன. ஜூபிலி ஆண்டைப் பற்றிப் பேசும் பைபிளின் லேவியர் நூல் 25-ஆம் அதிகாரத்தை எங்கள் கடையில் பார்க்காமலே டைப் செய்வார்கள்.

இந்த மடல் ஒரு கோரிக்கை. 2027-க்கு நீங்கள் மலர் போடுவீர்கள் என்றே நினைக்கிறேன். எந்த அச்சகத்தில் கொடுத்தாலும் சரி, அதை வழக்கமான மலராகப் போட்டுவிடாதீர்கள். ஸ்தாபக அன்னையின் கதையோடு இந்த ஏற்காட்டு மலையின் கதையையும் எழுதுங்கள். அதற்கு இப்போதே உட்கார வேண்டும்.

2027 ஏன் என்று வெளியாட்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சபை பிரான்சில் ஷலோன் என்ற ஊரில், சோன் ஆற்றங்கரையில், 1807 மே 12 அன்று தொடங்கியது. அந்தக் கணக்கில் 220 ஆண்டு வரும். 220 என்பதைச் சும்மா ஒரு திருப்பலியோடு கடந்துவிடலாம். ஆனால் உங்கள் சிஸ்டர்கள் புதுச்சேரியில் கால் வைத்தது 1827-இல். நம் பக்கத்தில் அவர்கள் வந்து 200 ஆண்டு நிறைகிறது. இது சும்மா விடக்கூடிய கணக்கு இல்லை. இன்னும் மூன்றே ஆண்டு தள்ளினால் 2030-இல் சேலம் மறைமாவட்டத்துக்கு நூற்றாண்டு. புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் மறைமாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து 1930 மே மாதம் அதை உருவாக்கினார்கள். அதற்கும் மலர் வரும், அதற்கும் பழைய படம் தேடுவார்கள். அப்போது எல்லோரும் உங்கள் வீட்டு அலமாரியைத்தான் தட்டப்போகிறார்கள்.

வழக்கமான மலர் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. முன் அட்டையில் அன்னையின் படம், பின்னால் கட்டடத்தின் படம். முதல் ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் பக்கங்கள்) முழுக்க வாழ்த்துச் செய்தி. ஆயர், ஆட்சியர், எம்.எல்.ஏ., எம்.பி., அதற்கப்புறம் சபைத் தலைவி. யார் படம் எந்தப் பக்கத்தில், எந்த அளவில் என்பதற்கே விழாக்குழுவின் பாதி நேரம் போய்விடும். பிறகு ஸ்தாபகர் வரலாறு நாலு பக்கம். அது போன மலரிலிருந்து அப்படியே எடுத்தது, போன மலரின் எழுத்துப் பிழையோடு. பிறகு 'எமது பணிகள்'. ரிசல்ட் பட்டியல். குழுப் படங்கள். கடைசி ஃபாரத்தில் வெள்ளிக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம். விழா அன்று மேடையில் குத்துவிளக்கு, பொன்னாடை, மலர் வெளியீடு. சிறப்பு விருந்தினர் பின்னல் ரிப்பனை அவிழ்த்து மலரை உயர்த்திக் காட்டுவார், போட்டோ எடுப்பார்கள். சாப்பாடு. மறுநாள் மிச்சப் பிரதிகள் ஆபீஸ் ரூம் மூலையில். எனக்கு அதில் வருமானம் உண்டு, அதனால் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று சொல்வீர்கள். சரி. இருந்தாலும் சொல்கிறேன்.

அந்த நாலு பக்க வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்னை ஆன் மரீ ஜவுஹே 1779 நவம்பர் 10-இல் பர்கண்டிப் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார், பிரெஞ்சுப் புரட்சியின்போது குருக்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார், தன் கூடப் பிறந்த மூன்று தங்கைகளையும் வேறு ஐந்து பெண்களையும் சேர்த்துக்கொண்டு சபையைத் தொடங்கினார், 1851 ஜூலை 15-இல் பாரிஸில் இறந்தார், 1950-இல் அருளாளர் பட்டம் பெற்றார். இவ்வளவையும் எல்லா மலரிலும் போடுவார்கள். (பேனரில் 'புனித' என்று போட்டு வரும் மேட்டரை நாங்கள் 'அருளாளர்' என்று திருத்தித் தருவதும் உண்டு. இன்னும் புனிதர் பட்டம் வரவில்லை.) படித்தால் மனதில் ஒன்றும் நிற்காது. எல்லா ஸ்தாபகர்களின் வரலாறும் அதே அச்சில் வார்த்தது போலிருக்கும்.

ஆனால் அந்த அம்மா செய்த காரியங்களைத் தேடிப் படித்தால் தூக்கிவாரிப் போடுகிறது. தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவில் மானா என்று ஒரு காட்டுப் பகுதி. 1828-இல் அங்கே குடியேற்றம் அமைக்கப் போகிறார். பிறகு, சட்டவிரோதமாகக் கடத்தப்பட்டுக் கப்பல்களில் பிடிபட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 500 பேரை 1836-இல் பிரெஞ்சு அரசு அவர் பொறுப்பில் விடுகிறது. அவர்களை விடுதலைக்குத் தயார்படுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. பக்கத்துத் தோட்ட முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. விடுதலையான கறுப்பர்களின் ஊர் ஒன்று பக்கத்தில் இருந்தால் தங்கள் அடிமைகள் என்ன நினைப்பார்கள் என்ற பயம். அதையெல்லாம் மீறி 1838 மே மாதம் 185 பேர் அங்கே முறைப்படி விடுதலை ஆனார்கள். பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது 1848-இல். அதற்குப் பத்து ஆண்டு முன்னால் நடந்தது இது.

அதே காலத்தில் சொந்தத் திருச்சபைக்குள்ளேயே அவருக்குச் சண்டை. பிரான்சின் ஓத்தன் மறைமாவட்டத்து ஆயர், சபையின் தலைமையே தன் கைக்கு வரவேண்டும் என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அதன் விளைவாகக் கயானாவில் அவருக்குத் திருப்பலியில் வாங்கும் நற்கருணையே மறுக்கப்பட்டது. ஒரு துறவிக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்க முடியும்? அதைத் தாங்கிக்கொண்டு வேலையை விடாமல் பார்த்தார். 1848 புரட்சிக்குப் பிறகு தேர்தல் வந்தபோது, மானாவில் விடுதலையான மக்கள் தங்கள் ஓட்டு அம்மாவுக்குத்தான் என்றார்களாம். பெண்ணுக்கு ஓட்டுப் போட முடியாது என்றதும், அப்படியானால் யாருக்கும் இல்லை என்று போய்விட்டார்களாம். செனெகலைச் சேர்ந்த மூன்று இளைஞர்களைப் பிரான்சில் படிக்கவைத்தார், அவர்கள் 1840-இல் குருக்கள் ஆனார்கள். கறுப்பரைக் குருவாக்குவதை அன்றைக்கு யார் யோசித்தார்கள்?

ஜூபிலி மலரில் லேவியர் வசனத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறோம். ஐம்பதாம் ஆண்டில் அடிமைகள் விடுதலையாகித் தங்கள் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும், கைமாறிய நிலம் பழைய குடும்பத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறது அது. அந்த வசனத்தை நிஜமாகவே செய்து காட்டிய ஒருவரை ஸ்தாபகராக வைத்துக்கொண்டு, மானாவைப் பற்றி இரண்டு வரியில் 'அடிமைகளின் தாயாக விளங்கினார்' என்று முடித்துவிடுகிறார்கள். புரூஃப் பார்க்கிற எனக்கே அடுத்து என்ன ஆச்சு என்று கேட்கத் தோன்றும்.

ஸ்தாபக நாள் கொண்டாடுவதும் காலத்துக்குக் காலம் மாறித்தான் வந்திருக்கிறது. 1907-இல் உங்கள் சபைக்கு நூறு ஆண்டு. ஆனால் சொந்த நாட்டில் அது நல்ல காலமா என்றால் இல்லை. துறவற சபைகள் பள்ளிக்கூடம் நடத்தவே கூடாது என்று பிரான்சில் 1904-இல் சட்டம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டே அரசையும் திருச்சபையையும் பிரித்துவிட்டார்கள். பள்ளி நடத்துவதற்கென்றே பிறந்த சபைக்கு, பிறந்த ஊரில் பள்ளி நடத்த உரிமை இல்லாத நேரத்தில் நூற்றாண்டு. அப்போது கடல் கடந்த வீடுகள்தான் சபையைத் தாங்கியிருக்கும். 1950 அக்டோபர் 15 அதற்கு நேர் எதிர். புனித ஆண்டு, ரோமில் பெருங்கூட்டம், போப் பன்னிரண்டாம் பத்திநாதர் அருளாளர் பட்டம் கொடுக்கிறார். அதிலிருந்து ஸ்தாபகர் படம் சுவரில் ஏறியது, பாட்டு வந்தது, நவநாள் வந்தது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒவ்வொரு சபையும் தன் ஸ்தாபகரின் ஆரம்ப நோக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. அதற்கப்புறம்தான் எல்லாச் சபைகளும் ஸ்தாபகர்களின் கடிதங்களைத் தூசு தட்டின. ஜவுஹே அம்மா எழுதியதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. கப்பல் எப்போது கிளம்பும், அரிசி எவ்வளவு இருக்கிறது, எந்த சிஸ்டருக்குக் காய்ச்சல், எந்த அதிகாரி கடுகடுக்கிறார் என்றெல்லாம் எழுதியவர் அவர். 2007-இல் இருநூறு ஆண்டு. அதை உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள், அதனால் நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒன்று கவனியுங்கள். விழா எப்படி மாறினாலும் பார்வை பிரான்ஸ் பக்கமே இருந்திருக்கிறது. ஷலோன், குளூனி, பாரிஸ், ரோம். அது நியாயம்தான், வேர் அங்கே இருக்கிறது. ஆனால் கிளை இங்கே இருக்கிறதே. ஏற்காட்டில் சிஸ்டர்கள் வந்து கான்வென்ட் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில். மோட்டார் பஸ் மலை ஏறாத காலம். குதிரை, பல்லக்கு, மாட்டு வண்டி, இல்லாவிட்டால் நடை. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் போட்டு ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருந்தது, துரைமார் குடும்பங்கள் இருந்தன. அந்த வழியில் ஏறி வந்த முதல் சிஸ்டர்கள் யார், சாமான் சுமந்தவர்கள் யார், மலையாளிப் பழங்குடி ஊர்க்காரர்கள் அவர்களைப் பார்த்து என்ன சொன்னார்கள், முதல் மழைக்கு என்ன ஆனது? இதையெல்லாம் ஒரு மலரில் படிக்க எனக்கு ஆசை.

கொஞ்சம் சங்கடமான பக்கமும் இருக்கிறது, அதையும் எழுதுங்கள். 1817-இல் சபையின் முதல் கடல் தாண்டிய வீடு இன்றைய ரீயூனியன் தீவில் அமைந்தது. அங்கே அவர்களை அழைத்த நிர்வாகி தெபாசின் தெ ரிஷ்மோன் குடும்பத்தவர். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொருவர் புதுச்சேரிக்கு ஆளுநராக இருந்தபோதுதான் 1827-இல் சிஸ்டர்கள் இங்கே வந்தார்கள். புதுச்சேரியின் பொது நூலகமும் அதே ஆளுநர் காலத்தில் அதே ஆண்டு தொடங்கியது. பிரெஞ்சு அரசு கொடுத்த சம்பளத்தில், முதலில் வெள்ளைக்கார, கலப்பினக் குடும்பத்துப் பெண்களுக்குத்தான் பள்ளி நடத்தினார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு எப்போது, எப்படித் திறந்தது? ஏற்காட்டில் எப்போது திறந்தது? தோட்டத்து லயனிலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) வந்த முதல் பெண் பிள்ளை எந்த ஆண்டு சேர்ந்தாள்? உங்கள் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும் விஷயம்தான். தகப்பன் பெயர், தொழில், ஊர் என்ற மூன்று கட்டத்தை மட்டும் ஆண்டு வாரியாகப் பார்த்தாலே ஒரு பெரிய கட்டுரை கிடைக்கும். அதை எழுதினால் சபைக்குக் கௌரவம் குறையும் என்று யாராவது பயந்தால், நற்கருணை மறுக்கப்பட்ட கதையையே நீங்கள் மறைக்காமல் சொல்கிறீர்களே என்று சொல்லுங்கள்.

பதிவேட்டில் இல்லாத கதைதான் அதிகம். அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் சிக்கல்.

சிஸ்டர்களுக்கு மாற்றல் உண்டு. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு எடுத்தவர்கள், சொன்ன ஊருக்கு ஒரு பெட்டியோடு கிளம்பிவிடுவார்கள். சில ஆண்டுக்கு ஒருமுறை சுப்பீரியர் மாறுகிறார், தலைமை ஆசிரியை மாறுகிறார். ஒரு வீட்டின் ஞாபகம் அவர்களோடு பெட்டியில் போய்விடுகிறது. மாறாமல் இருப்பவர்கள் யார்? சமையல்கார அம்மா, ஆயா, தோட்டக்காரர், வாட்ச்மேன், டிரைவர். முப்பது நாற்பது வருடம் ஒரே கேட்டுக்குள் இருந்தவர்கள். எந்த மரம் எந்தப் புயலில் விழுந்தது, எந்த சிஸ்டர் பிள்ளைகளுக்காக ராத்திரி முழுக்க முழித்திருந்தார், தண்ணீர் இல்லாத கோடையில் எந்தக் கிணற்றிலிருந்து கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். மலரில் அவர்கள் பெயர் எங்கே வரும்? 'இதர பணியாளர்கள்' என்ற தலைப்பில், கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், விளம்பரத்துக்கு இடம் போக மிச்சமிருந்தால்.

எந்தச் சபை, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். ஒரு பொன் விழா மலருக்கு ஒரு குரூப் போட்டோ வந்தது. கறுப்பு வெள்ளை, முன் வரிசையில் நாற்காலியில் சிஸ்டர்கள், பின்னால் நிற்கும் பிள்ளைகள். வலது ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓர் அம்மா. கையில் கரண்டி. போட்டோ எடுப்பதைப் பார்க்க அடுப்பங்கரையிலிருந்து அப்படியே ஓடிவந்து நின்றிருக்கிறார், போட்டோக்காரரும் ஒதுங்கச் சொல்லவில்லை. விழாக்குழுவில் ஒருவர் அந்த ஓரத்தை வெட்டிவிடச் சொன்னார். பக்கத்து அகலத்துக்குச் சரியாக வரும், பார்க்கவும் நன்றாக இருக்கும் என்றார். அப்போது புரூஃப் பார்க்க வந்திருந்த வயதான சிஸ்டர் ஒருவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படத்தைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்தார். நாற்காலியில் இருந்தவர்களில் இரண்டு பேர் பெயர் அவருக்கு வரவில்லை. அந்த அம்மா பெயர் உடனே வந்தது. வீட்டுக்காரர் பெயர், எந்த ஊர், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் என்ன சேர்ப்பார் என்பது வரை சொன்னார். 'இவங்களை வெட்டினா என்னையும் வெட்டிடுங்க' என்றார். படம் முழுசாக வந்தது. கேப்ஷனில் அந்த அம்மாவின் பெயரும் வந்தது. அந்த சிஸ்டரும் அடுத்த ஜூனில் மாற்றலாகிப் போய்விட்டார்.

அவர் மாதிரி ஒருவர் அன்றைக்குக் கடைக்கு வந்தது தற்செயல். அதை நம்பி ஒரு வரலாற்றை விட முடியாது.

அதனால் கேட்கிறேன். உங்கள் மூத்த சிஸ்டர்கள் ஓய்வில் இருக்கும் வீடுகளுக்கு ஆள் அனுப்புங்கள். சும்மா 'அனுபவம் சொல்லுங்கள் சிஸ்டர்' என்றால் 'எல்லாம் ஆண்டவர் சித்தம்' என்று முடித்துக்கொள்வார்கள். கையில் பழைய படத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். படத்தைப் பார்த்தால் பேச்சு தானாக வரும். செல்போனில் ரெக்கார்டரைப் போட்டு மேஜையில் வைத்துவிட்டால் போதும். பணியாளர்களிடமும் அப்படியே, ஆனால் மடத்துப் பார்லரில் உட்காரவைத்துக் கேட்காதீர்கள். அங்கே நாற்காலி நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் 'ஆமாங்க சிஸ்டர்' என்பார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய்க் கேளுங்கள், பழைய மாணவி ஒருத்தியை அனுப்பினால் இன்னும் நல்லது. பழைய சம்பளப் பட்டியலை எடுத்து வைத்தால் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கும். ஒவ்வொரு வீட்டிலும் எழுதிவரும் நாளாகமக் குறிப்பு உங்களிடம் இருக்குமே, பழையது பிரெஞ்சில் இருந்தால் படித்துச் சொல்லப் புதுச்சேரியில் ஆள் கிடைப்பார்கள்.

படங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். சேலத்து வெயிலில் ஆல்பம் காய்ந்து வெளுக்கும், அவ்வளவுதான். ஏற்காட்டில் அப்படியில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரெல்லாம் ஓதம் ஏறும். ஃபிரேம் போட்டு மாட்டிய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் தாள் மூடிய பசை ஆல்பம் என்று ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் வாங்கினார்களே, அதில் ஒட்டிய கலர் படங்கள் மஞ்சளாகி, ஓரத்தில் பூஞ்சை பூத்து வருகின்றன. அவசரத்தில் பிய்த்தால் முகம் ஆல்பத்திலேயே தங்கிவிடும், வெறும் தாள்தான் கைக்கு வரும். கண்ணாடியில் ஒட்டியதைக் கண்ணாடியோடவே ஸ்கேன் செய்யலாம், பிரிக்கவே வேண்டாம். டியூப் லைட்டுக்குக் கீழே செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அது அச்சுக்கு ஆகாது. 600 டிபிஐ-யில் ஸ்கேன் எடுத்து வைத்துவிட்டால் பிறகு எந்த அளவுக்கு வேண்டுமானாலும் போடலாம். படத்தின் பின்புறம் பெயர் எழுதும்போது பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முகத்தில் கோடு தெரியும். மெத்தென்ற பென்சில், ஓரமாக. அப்புறம் இரும்புப் பெட்டியில் போட்டு சிலிக்கா ஜெல் பாக்கெட் வைத்து, மழைக்கு முன்னால் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே 12 அன்று நம் ஊரில் பள்ளி பூட்டியிருக்கும். ஹாஸ்டல் காலி. அதனால் ஸ்தாபக நாள் மடத்துச் சிற்றாலயத்துக்குள்ளேயே ஒரு திருப்பலியோடு முடிந்துவிடும். பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஜூலையிலோ நவம்பரிலோ நடக்கும் அன்னையின் நாள் நிகழ்ச்சி மட்டுமாக இருக்கும். ஏற்காட்டில் மே மாதம் கோடை விழாக் கூட்டம் வேறு. கொண்டை ஊசி வளைவில் வண்டி நகராது, ஒண்டிக்கடை ரவுண்டானாவில் நிற்க இடம் இருக்காது. இந்த நேரத்தில் விழாவா என்று கேட்பீர்கள். ஆனால் பழைய மாணவிகள் மலைக்கு வரும் மாதமும் அதுதான். சென்னை, பெங்களூர், துபாய் என்று போனவர்கள் எல்லாம் பிள்ளைகளின் லீவுக்கு மே மாதம்தான் சேலம் வருகிறார்கள். தோட்டத்திலும் அப்போது பழம் பறிக்கும் வேலை இல்லை. நவம்பரில் வைத்தால் மழை, பிறகு காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிடும். தோட்டத்து அம்மாக்களால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாது. அவர்கள் வரமுடியாத தேதியில் விழா வைத்துவிட்டு, 'ஏழை எளியோரோடு கொண்டாடினோம்' என்று மலரில் எழுத முடியுமா?

காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். 2027 மே 12 புதன்கிழமை. புதன் சூசையப்பருக்குரிய நாள் என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்.

அன்றைக்கு மேடை போடாமல் ஒரு கண்காட்சி வைக்கலாம் என்பது என் யோசனை. ஸ்கேன் எடுத்த படங்களைப் பெரிதாகப் போட்டு, வகுப்பறைச் சுவர்களில் மாட்டுங்கள். பெயர் தெரியாத முகங்களுக்குக் கீழே கோடு மட்டும் போட்டுப் பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போகட்டும். ஒரு பாட்டி தன் ஏழாம் வகுப்புப் படத்தைத் தேடி அரைமணி நேரம் நிற்பார். பேத்திக்குக் காட்டுவார். அந்தப் பெயர்களையெல்லாம் சேர்த்த பிறகு மலரை அச்சுக்குக் கொடுங்கள். வெளியீட்டைப் பிற்பாடு வைத்துக்கொள்ளலாம். 1827-இல் சிஸ்டர்கள் வந்து இறங்கியதன் நினைவாகப் புதுச்சேரியில் நிச்சயம் பெரிய விழா இருக்கும், அந்த மேடையில் ஏற்காட்டு மலரையும் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? வாழ்த்துச் செய்திகள் எங்கே போகும் என்று விழாக்குழு கேட்கும். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சின்ன எழுத்தில் போடலாம். எம்.எல்.ஏ. கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இது ஏதோ கனவு காண்கிறவன் எழுதியது என்று ஒதுக்கிவிடுவீர்கள். எல்லாப் பக்கமும் மல்டிகலர், கனமான ஆர்ட் பேப்பர், லேமினேஷன் அட்டை என்று போவதால்தான் மலர் செலவு ஏறுகிறது, ஏறுவதால் விளம்பரம் தேட வேண்டியிருக்கிறது, விளம்பரத்துக்குப் பக்கம் போவதால் எழுத்துக்கு இடம் இல்லாமல் போகிறது. பழைய படங்கள் கறுப்பு வெள்ளைதானே. உள்பக்கங்களை நல்ல மேப்லித்தோ தாளில் ஒரே கலரில் அடித்து, ஒரே ஒரு ஃபாரம் மட்டும் கலர் போட்டால் பாதிக்குப் பாதி மிச்சமாகும். தையல் பைண்டிங் கேளுங்கள், வெறும் கம் பைண்டிங் மலைக் குளிரில் இரண்டு வருடத்தில் பிரிந்து தாள் தாளாகக் கையில் வரும். 16-இன் மடங்காகப் பக்கம் வைத்தால் தாள் வீணாகாது. மிச்சமாகும் பணத்தில் பணியாளர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி இலவசமாகக் கொடுங்கள், தங்கள் பெயர் இருக்கும் பக்கத்தில் ஒரு ரிப்பன் வைத்து.

அன்னையின் நாலு பக்க வரலாறு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போடுங்கள், ஆனால் மானாவை முழுசாக எழுதுங்கள். விடுதலையான 185 பேரின் கதைக்குப் பக்கத்திலேயே, காப்பித் தோட்டத்து லயனிலிருந்து கொட்டும் மழையில் சாக்குப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கு நடந்து வந்த பிள்ளைகளின் கதையும் வரட்டும். இரண்டையும் ஒருசேரப் படிக்கிற பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு, சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தில் இருப்பவர் யாரென்று யாரும் மேடையேறி விளக்க வேண்டியிருக்காது.

என் பங்குக்கு ஒன்று செய்கிறேன். கல்யாண முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்திலும் மார்கழியிலும் கடையில் வேலை மந்தம். ஸ்கேனரையும் ஒரு பையனையும் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்து, உங்கள் ஆல்பங்களை அங்கேயே வைத்து ஸ்கேன் செய்து கொடுத்துவிடுகிறேன். படம் எதுவும் மடத்தை விட்டு வெளியே போக வேண்டாம். அதற்குக் காசு வேண்டாம். மலரை வேறு அச்சகத்தில் கொடுத்தாலும் வருத்தமில்லை, ஸ்கேன் ஃபைல்களை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். ஒரு மேஜை, இரண்டு பிளக் பாயிண்ட், மத்தியானச் சாப்பாடு போதும். கரண்ட் போகாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
சேலத்து அச்சகக்காரன் ஒருவன்